விஆர் விளையாட்டுகள்: எது முடியும், எது முடியாது, முடியாததை வைத்து என்ன செய்கிறார்கள்?
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்துக்குள் போகவைக்கும் விஆர் ஹெட்செட் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், வாங்கித் தலைசுற்றி அலமாரியில் போட்டுவிட்டவர்கள், நாமே ஒரு விளையாட்டு செய்து பார்க்கலாமே என்று ஆசைப்படும் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். "கிராபிக்ஸ் எப்போது நிஜம்போல ஆகும்?" என்பதுதான் பெரும்பாலோரின் முதல் கேள்வி. விஆரில் கண்ணைவிடக் கைதான் முக்கியம் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் அது பலமுறை வரும்.

மாலில் ரோலர் கோஸ்டர் காட்டும் விஆர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாந்தி வராத குறைதான். எல்லா விஆரும் இப்படியா?

இல்லை. விஆரில் எதைச் செய்யக்கூடாது என்று பாடம் எடுப்பவர்கள் முதலில் காட்டும் உதாரணமே அந்த ரோலர் கோஸ்டர்தான். நம் ஊரில் பலருக்கு விஆரின் முதல் அறிமுகமும் கடைசி அறிமுகமும் அதுவாகவே முடிந்துவிடுவதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

காரணம் உட்காதில் இருக்கிறது. காதுக்குள் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றை ஒட்டியுள்ள இரண்டு சிறு பைகள் வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்கின்றன. வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் போனைப் பார்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கண் "அசையவில்லை" என்று சொல்லும், காது "அசைகிறோம்" என்று சொல்லும், வயிறு கலங்கும். விஆரில் இது தலைகீழ். கண் "பாய்ந்து இறங்குகிறோம்" என்கிறது, காதோ "நாற்காலியில்தானே இருக்கிறோம்" என்கிறது. மனிதருக்கு மனிதர் அளவு மாறும், ஆனால் இந்த முரண்பாட்டிலிருந்து முழுவதும் தப்பியவர்கள் குறைவு.

இதில் வடிவமைப்பாளருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போவதை உட்காதால் உணர முடியாது. வேகம் மாறும்போதும் திரும்பும்போதும்தான் அது விழித்துக்கொள்ளும். அதனால் சீரான வேகத்தில் நேராக நகரும் ஒரு மேடையில் பெரும்பாலோரை நிம்மதியாக நிற்கவைக்கலாம். ரோலர் கோஸ்டர் பாய்ந்து இறங்கும்போது அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது.

செல்போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டியும் இதுவும் ஒன்றா?

கூகுள் 2014 இல் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டும், அதைப் பார்த்து வந்த பிளாஸ்டிக் பெட்டிகளும் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் அறியும். தலை எங்கே இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. எதையாவது எட்டிப் பார்க்கக் குனிந்தால் உலகம் மொத்தமும் உங்களோடு சேர்ந்து குனியும். அதுவே பாதி மயக்கத்துக்குக் காரணம். இன்றைய ஹெட்செட்டுகள் வெளிப்புறக் கேமராக்களால் அறையைப் பார்த்து, நீங்கள் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் கண்டுகொள்கின்றன. மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கலாம், சுவரோரம் தலையை நீட்டி எட்டிப் பார்க்கலாம். பெட்டியில் பார்த்ததை வைத்து விஆரை எடை போட வேண்டாம்.

20 மில்லிசெகண்ட் என்று எல்லாரும் ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது என்ன?

நீங்கள் தலையைத் திருப்பிய கணத்துக்கும், அதற்கேற்ற காட்சி திரையிலிருந்து ஒளியாகக் கண்ணை எட்டும் கணத்துக்கும் இடையே உள்ள தாமதம். அது 20 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் உலகம் நிலையாக நிற்கும். தாண்டினால், தலைக்குப் பின்னால் உலகம் இழுபட்டு வருவதுபோல் தோன்றும்.

இந்தச் சின்ன இடைவெளிக்குள் சென்சார் படிக்க வேண்டும், விளையாட்டு தன் கணக்கைப் போட வேண்டும், இரண்டு கண்களுக்கும் தனித்தனியாகப் படம் வரைய வேண்டும், திரை அதைக் காட்ட வேண்டும். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு 72 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 13.9 மில்லிசெகண்ட். 90 என்றால் 11.1, 120 என்றால் 8.3. டிவியில் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேம் தவறினால் படம் லேசாகத் திக்கும், அவ்வளவுதான். இங்கே நீங்கள் நின்றுகொண்டிருக்கும் உலகமே திக்கும்.

இதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. வரைந்து முடித்த படத்தை, திரைக்கு அனுப்புவதற்குச் சற்று முன்னால், தலையின் புத்தம்புதிய நிலையைக் கேட்டு, அதற்கேற்பக் கொஞ்சம் நகர்த்தி அனுப்புகிறார்கள். டைம்வார்ப் என்று பெயர். புதிய பிரேம் தயாராகாவிட்டாலும் பழைய பிரேமை இப்படித் திருப்பிக் காட்டிச் சமாளித்துவிடலாம். தலை திரும்புவதை இது நன்றாகவே சரிக்கட்டும். ஆனால் காட்சிக்குள் ஓடுகிற ஆளை இதனால் ஓடவைக்க முடியாது, அவர் திக்கித்தான் போவார். ஆகவே "டைம்வார்ப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி மோசமாக எழுதிய நிரலை வெளியிடுவது விளையாடுபவரின் வயிற்றுக்குச் செய்யும் துரோகம்.

கிராபிக்ஸ் ஏன் பத்து வருஷம் பழைய விளையாட்டு மாதிரி இருக்கிறது?

2023 இல் வந்த, மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சுமார் 91 லட்சம். ஒரு 4கே டிவியில் இருப்பது 83 லட்சம். டிவிக்குப் பின்னால் பெரிய மின்விசிறிகளோடு ஒரு கன்சோல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு வேலை செய்யும். ஹெட்செட்டில் இருப்பதோ செல்போன் வகைச் சிப். அது உங்கள் நெற்றிக்கு முன்னால் இருக்கிறது என்பதால் சூடாகவும் கூடாது. மொத்த எடையே 515 கிராம், சார்ஜ் தாங்குவது இரண்டு மணி நேரம் சொச்சம். இதற்குள் 4கே டிவியைவிட அதிகமான பிக்சல்களை அதிக வேகத்தில் வரைய வேண்டும் என்றால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பல விளையாட்டுகள் திரையின் முழு அளவுக்கு வரையாமல் குறைத்து வரைந்துதான் காலம் தள்ளுகின்றன.

கண்ணின் இயல்பையே பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. நம் பார்வையில் மிகக் கூர்மையாகத் தெரிவது நடுவில் ஏறக்குறைய இரண்டு டிகிரி அளவுதான், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலம். கண் எங்கே பார்க்கிறது என்று கருவிக்குத் தெரிந்தால் அங்கே மட்டும் நுணுக்கமாக வரைந்து மற்ற இடங்களைத் தோராயமாக விட்டுவிடலாம். 2023 இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2 கண்ணைப் பின்தொடர்ந்து இதைச் செய்கிறது. குவெஸ்ட் 3 இல் கண்ணைத் தொடரும் வசதி இல்லை. அதனால் படத்தின் ஓரங்களை மட்டும் எப்போதும் தோராயமாக வரைகிறார்கள்.

நல்ல வடிவமைப்பாளர்கள் இந்த வறுமையை ஒரு பாணியாகவே மாற்றிவிட்டார்கள். வெள்ளை அறை, சிவப்புக் கண்ணாடிபோல நொறுங்கும் எதிரிகள், கறுப்பு ஆயுதங்கள்: சூப்பர்ஹாட் விஆர் என்ற விளையாட்டில் இவ்வளவுதான். நீங்கள் அசைந்தால் மட்டுமே அங்கே நேரம் நகரும். தோட்டா கண்ணெதிரே அந்தரத்தில் நிற்க, இடுப்பை வளைத்து அதற்குக் கீழே நுழையும் நொடியில் சுவரில் ஏன் நுணுக்கமான வேலைப்பாடு இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

எழுத்துகள் ஏன் மங்கலாகத் தெரிகின்றன? தமிழில் மெனு வைக்க முடியுமா?

நல்ல பார்வை உள்ளவரின் கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 பிக்சல்களைப் பிரித்தறியும். குவெஸ்ட் 3 தருவது 25. அதாவது கண்ணாடி போட வேண்டியவர் போடாமல் பார்ப்பது போன்ற நிலை.

தமிழுக்கு இது கூடுதல் சோதனை. ஆங்கில எழுத்துகள் கோடுகளாலானவை, மங்கினாலும் ஓரளவு ஊகிக்கலாம். நம்முடையவை சுழிகளும் வளைவுகளும். ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். புள்ளி ஒன்று கரைந்துபோனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆங்கில மெனுவை அப்படியே மொழிபெயர்த்து அதே அளவில் வைத்தால் படிக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கி, வாக்கியத்தைச் சுருக்கி, இரண்டு மீட்டர் தள்ளி ஒரு பலகைபோல நிறுத்த வேண்டும். முடிந்த இடத்தில் எழுத்தையே தவிர்த்துக் குரலில் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

செய்ய விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விளையாட்டு செய்ய உதவும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இந்திய எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான கோடோ 4, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால் அதில் தமிழ் ஒழுங்காக வரும்.

தலை சுற்றவில்லை, ஆனால் கண் வலிக்கிறது. ஏன்?

ஒரு விரலை மூக்குக்கு அருகே கொண்டுவாருங்கள். இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், அதே சமயம் கண்ணின் லென்சும் கிட்டத்துக்குக் குவியும். குழந்தைப் பருவம் முதல் இரண்டும் சேர்ந்தே நடந்து பழகியவை. ஹெட்செட்டில் கண்கள் பொருளுக்கேற்பத் திரும்புகின்றன, ஆனால் குவிவது மட்டும் எப்போதும் ஒன்றரை, இரண்டு மீட்டர் தொலைவில் நின்றுவிட வேண்டும், ஏனென்றால் ஒளியியல் கணக்குப்படி திரை அங்கேதான் இருக்கிறது. இதைச் சரிக்கட்டத் திரையையே முன்னும் பின்னும் நகர்த்தும் மாதிரிக் கருவியை, இன்றைய மெட்டாவின் விஆர் பிரிவாக இருந்த ஆகுலஸ் 2018 இலேயே காட்டியது. கடையில் கிடைக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கு அது வரவில்லை. அதுவரை, முகத்துக்கு அரை மீட்டருக்குள் எதையும் நெடுநேரம் பார்க்கவைக்காமல் இருப்பதே வழி.

இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கேற்ப லென்சைச் சரிசெய்தீர்களா என்றும் பாருங்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லிமீட்டர். பலரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே போட்டுக்கொள்கிறார்கள்.

என் அறை பத்துக்குப் பத்து. விளையாட்டு உலகமோ ஒரு நகரம். எப்படி நடப்பது?

விஆர் வடிவமைப்பில் மிகவும் வளமான பகுதி இதுதான். பத்து ஆண்டுகளாக இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த விடைகளை மட்டும் வைத்து ஒரு புத்தகம் எழுதலாம்.

கையில் பிடிக்கும் கண்ட்ரோலரில் உள்ள குச்சியைக் கட்டை விரலால் தள்ளி நடப்பது பழைய வழி. பழகாதவருக்குத் தலை சுற்றும். நகரும்போது பார்வையின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கினால் சுற்றல் குறையும் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016 இல் சோதித்துக் காட்டினார்கள். நிதானமாகச் செய்தால் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இன்னொரு வழி, போக வேண்டிய இடத்தைக் கையால் காட்டி அங்கே சட்டென்று தோன்றுவது. இதில் தலை சுற்றாது. ஆனால் அச்சமூட்டும் ஒரு தாழ்வாரத்தைத் தாண்டிப் போகும் அனுபவம் காணாமல் போய்விடும். 2020 இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் இந்த இரண்டு வழிகளையும் கொடுத்து, எது வேண்டும் என்பதை விளையாடுபவரிடமே விட்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவை மூன்றாவது வகை. 2017 இல் வந்த லோன் எக்கோ நம்மை விண்வெளி நிலையத்தில் எடையில்லாமல் மிதக்கவிட்டது. சுவரைப் பிடித்துத் தள்ளினால் அந்தப் பக்கம் மிதந்து போவோம். கருவிக்குக் கால் தெரியாது என்பது ஒரு குறை. கால் தேவைப்படாத இடத்தில் கதையை வைத்ததும் அந்தக் குறை மறைந்துபோனது. கொரில்லா டேக் இன்னும் எளிது: நீங்கள் ஒரு குரங்கு, இரண்டு கைகளாலும் தரையை அறைந்து குதித்து ஓட வேண்டும். பட்டனும் இல்லை, குச்சியும் இல்லை. கை உண்மையிலேயே தரையைத் தள்ளுவதால் உடல் அந்த வேகத்தை எதிர்பார்த்துவிடுகிறது. நான் அதை ஆடியபோது வேர்த்தது, வயிறு கலங்கவில்லை. குழந்தைகள் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

நிஜமாகவே நடக்கவைக்கும் முயற்சிகளும் உண்டு. நீங்கள் நேராக நடப்பதாக நினைக்கும்போது காட்சியை மெல்லத் திருப்பி உங்களை வட்டத்தில் நடக்கவைக்கும் உத்தி 2001 இலேயே எழுதப்பட்டது. மனிதர் கண்டுபிடிக்காமல் இருக்க அந்த வட்டத்தின் ஆரம் குறைந்தது 22 மீட்டர் இருக்க வேண்டும் என்று 2010 இல் அளந்தார்கள். நம் வீடுகளுக்கு அது ஆகாது. 2011 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். விளையாடுபவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் கதவை வேறு சுவருக்கு மாற்றிவிட்டார்கள். 77 பேரில் உறுதியாகக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்! டீ ஃபார் காட் என்ற விளையாட்டும் நாம் வளைவைத் தாண்டிய பிறகு, நின்ற அதே தரையில் வேறொரு தாழ்வாரத்தைக் கட்டிவிடுகிறது. உங்கள் அறையின் அளவைக் கேட்டு அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. இரண்டு எட்டு நடந்து திரும்பி, மறுபடி இரண்டு எட்டு நடந்து, ஒரு பெரிய கட்டடத்தின் உச்சிவரை ஏறிவிடலாம். இதை முதன்முறை உணரும்போது ஏற்படும் வியப்பை வேறு எந்தத் திரையாலும் தர முடியாது.

வீட்டில் எவ்வளவு இடம் வேண்டும்?

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியாக இருந்தால் போதும். ஹெட்செட் வரையும் எல்லைக்கோடு தரையில் உள்ள தடைகளுக்குத்தான், தலைக்கு மேலே இருப்பதை அது பார்ப்பதில்லை. தாழ்ந்த கூரை உள்ள வீட்டில் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நின்று கையை உயர்த்தி ஆடாதீர்கள். வேர்க்கும் என்றால் ஒரு டேபிள் ஃபேனை எதிரே வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

கையில் எதைப் பிடித்தாலும் எடையே இல்லை. இது தீராத குறைதானே?

தீராதது, உண்மை. கண்ட்ரோலர் அதிரலாம், ஆனால் உங்கள் கையைத் தடுத்து நிறுத்த அதனால் முடியாது. சுவரில் கையை வைத்தால் கை சுவருக்குள் போகும். கையின் படத்தைச் சுவரோடு நிறுத்தினால் படம் ஓரிடத்திலும் நிஜக் கை வேறிடத்திலும் இருக்கும். ஆனால் கண்ணால் பார்ப்பதை மூளை வியக்கத்தக்க அளவுக்கு நம்புகிறது. பாரமான பெட்டியைத் தூக்கும்போது திரையில் தெரியும் கை நிஜக் கையைவிடக் கொஞ்சம் பின்தங்கி வந்தால், எடை இருப்பதுபோலவே தோன்றும்.

ஜாப் சிமுலேட்டரைச் செய்த அவுல்கெமி லேப்ஸ் குழுவினர் கண்டது இன்னும் விசித்திரம். ஒரு தக்காளியை எடுத்தால் அந்த விளையாட்டில் கை மறைந்துவிடும், தக்காளி மட்டும் தெரியும். அந்தத் தக்காளியே கை என்று மூளை ஏற்றுக்கொள்கிறது. பலர் கை மறைந்ததையே கவனிப்பதில்லை. எந்தப் பொருளை எப்படிப் பிடித்தால் விரல்கள் எப்படி மடங்கும் என்று வரையும் பெரும் வேலையும் மிச்சம்.

பீட் சேபரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 இல் ஒரு சின்னக் குழு வெளியிட்ட அந்த விளையாட்டில் பாட்டின் தாளத்துக்கேற்பக் கட்டைகள் பறந்துவருகின்றன, இரண்டு ஒளிவாள்களால் வெட்ட வேண்டும். ஒளிக்கு எடை இல்லை, வெட்டும்போது தடுக்கவும் தடுக்காது. ஆக, கையில் எடை தெரியாதது இங்கே சரியாகவே பொருந்துகிறது. நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம், கட்டைகள்தான் நம்மிடம் வருகின்றன, அதனால் தலையும் சுற்றாது. அறை சின்னது, கையில் தடை இல்லை, சிப் எளியது என்று மூன்று எல்லைகளையும் ஒரே யோசனையில் கடந்திருக்கிறார்கள். இரும்பு வாளை வைத்து இதையே செய்திருந்தால் ஒவ்வொரு வெட்டும் பொய்யாகத் தெரிந்திருக்கும்.

விளையாடுபவர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்றே தெரியாதபோது கதை சொல்வது எப்படி?

கேமராவைப் பறித்துக்கொண்டு "இதைப் பார்" என்று காட்ட முடியாது. அப்படிச் செய்தால் மறுபடி உட்காது கதைதான். கண்ணை வரவழைக்க வேண்டும். தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் அந்தத் திரையைப் பார்க்கிறதே, அந்த வழிதான். முதலில் ஒலி, பிறகு ஒளி, அதன்பின்தான் ஆள். ஒலி இடது காதை எட்டுவதற்கும் வலது காதை எட்டுவதற்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டையும், காதுமடலில் பட்டு ஒலி மாறும் விதத்தையும் கணித்து, பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்கவைக்கும் தொழில்நுட்பம் இன்றைய ஹெட்செட்டுகளில் நன்றாகவே வேலை செய்கிறது. கிராபிக்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒலிக்குக் கொடுத்தால் இன்னும் பல விளையாட்டுகள் உயிர்பெறும்.

ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009 இல் இரண்டு மயக்கங்களைப் பிரித்துச் சொன்னார். ஒன்று, "நான் அங்கே இருக்கிறேன்" என்பது. மற்றொன்று, "இது உண்மையில் நடக்கிறது" என்பது. முதலாவதை நல்ல கருவி தந்துவிடும். இரண்டாவது, உலகம் நமக்குப் பதில் சொன்னால்தான் வரும். மாஸ் என்ற விளையாட்டில் ஒரு சின்ன எலி நம் முன்னால் இருக்கும் பொம்மை உலகத்தில் ஓடுகிறது. நாம் குனிந்து அருகே போனால் அது தலையை உயர்த்தி நம்மைப் பார்க்கும். அந்த ஒரு பார்வைக்கு எத்தனை பிக்சலும் ஈடில்லை.

உட்கார்ந்தே விளையாட முடியுமா?

தாராளமாக. ஐ எக்ஸ்பெக்ட் யூ டு டை முழுவதும் நாற்காலியில் அமர்ந்து ஆடுவது. தூரத்தில் உள்ள பொருளை மந்திரத்தால் இழுத்துக்கொள்ளலாம். வயதானவர்களும் நிற்க இயலாதவர்களும் ஆட முடிய வேண்டும் என்றால் உயரத்தைச் சரிசெய்யும் வசதியும் ஒரு கையால் ஆடும் வசதியும் முதல் நாளிலேயே திட்டத்தில் இருக்க வேண்டும். கடைசியில் ஒட்டவைத்தால் ஒட்டாது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பிளேஸ்டேஷன் விஆர்2 பன்னிரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது சோனி. மெட்டா 13 ஆக இருந்த வயதை 2023 இல், பெற்றோர் மேற்பார்வையுள்ள கணக்கோடு 10 ஆகக் குறைத்தது. சிறு பிள்ளைகளின் கண்மணித் தூரத்துக்குப் பல ஹெட்செட்டுகளின் லென்ஸ்கள் இறங்கிவருவதில்லை. ஆகவே நான் அவசரப்பட மாட்டேன். கொடுத்தால் 15 நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

நானே ஒன்று செய்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

கோடோ 4 இலவசம். பல நிறுவனங்களின் ஹெட்செட்டுகளுக்கும் பொதுவான ஓப்பன்எக்ஸ்ஆர் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. நகரம், போர், நடமாட்டம் எதுவும் வேண்டாம். ஒரு மேசை, அதன்மேல் நாலைந்து பொருள்கள். எடுக்க, வைக்க, எறிய, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியட்டும். எறிந்த பொருள் கை நினைத்த இடத்தில் போய் விழும்வரை அதிலேயே உட்காருங்கள். கண்ட்ரோலரை விட்ட ஒரே பிரேமின் வேகத்தை எடுத்தால் தவறும். கடைசிச் சில பிரேம்களின் வேகத்தைச் சராசரி பாருங்கள்.

அடுத்தது சோதனை. நீங்கள் சோதித்தால் பயனில்லை. தினமும் ஹெட்செட் போட்டு ஒரு மாதத்தில் உங்கள் வயிறு பழகிவிட்டிருக்கும், எது தலையைச் சுற்றவைக்கும் என்று உங்களுக்கே தெரியாது. இதுவரை விஆர் போடாத ஒருவரைக் கூப்பிடுங்கள். நான் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். ஹெட்செட்டை மாட்டிவிட்டு எதையும் விளக்காமல் தள்ளி நின்றேன். நான் இரண்டு வாரம் உழைத்துச் செய்த பந்தை அவர் தொடவே இல்லை. மேசையின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார், பிறகு குனிந்து மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடினார். அங்கே நான் எதையும் வைத்திருக்கவில்லை. அடுத்த நாள் வைத்தேன்.